பெசன்ட் நகர் மணலில் பங்குனி ஆமை

பொங்கல் கழிந்த வார இறுதிகளில், இரவு பதினொரு மணியை ஒட்டி, நீலாங்கரை கடற்கரையில் ஒரு கூட்டம் சேரும். மயிலாப்பூரிலிருந்து பேத்தியைக் கூட்டிக்கொண்டு வந்த தாத்தா, தரமணியில் ஷிப்ட் முடித்து நேராக வந்த ஐ.டி. ஊழியர்கள், தி.நகர் ஹாஸ்டலில் தங்கிப் படிக்கும் பெண்கள் என்று பலவகைப் பேர். எல்லோரையும் மணலில் உட்காரவைத்து, தன்னார்வலர் ஒருவர் நெடுநேரம் பேசுவார். டார்ச் அடிக்கக் கூடாது, போனில் ஃபிளாஷ் போடக் கூடாது, ஆமை கரையேறினால் அதன் முன்னால் போய் நிற்கக் கூடாது. அதன் பிறகு நடை தொடங்கும். பாலவாக்கம், கொட்டிவாக்கம், திருவான்மியூர் குப்பங்களைத் தாண்டி பெசன்ட் நகர் வரை ஏழு கிலோமீட்டர் போல. முடியும்போது மணி மூன்றோ நான்கோ ஆகியிருக்கும். அன்றிரவு ஆமையைப் பார்க்காமலே வீடு திரும்புகிறவர்கள்தான் அதிகம்.

டர்ட்டில் வாக் என்று ஊரே சொல்லும் இந்த நடை, தமிழ்நாட்டில் நடக்கும் இயற்கைச் சுற்றுலாக்களிலேயே நேர்மையானது என்பது என் எண்ணம். முதுமலையிலோ டாப்சிலிப்பிலோ வண்டியில் ஏறும் பயணி, காசு கொடுத்தோமே, யானையாவது கண்ணில் படவேண்டாமா என்று எதிர்பார்க்கிறார். அந்த எதிர்பார்ப்பு ஓட்டுநரை அழுத்தும், ஓட்டுநரின் அவசரம் விலங்கை அழுத்தும். இங்கே அந்தச் சங்கிலியே கிடையாது. கூட்டம் வராவிட்டாலும் இந்த நடை நடக்கும். மழை பெய்தாலும் வார நாளானாலும், பருவம் முழுக்க ஒவ்வோர் இரவும் யாராவது அந்த மணலில் நடந்துகொண்டுதான் இருக்கிறார்கள். முட்டைகளைத் தேடி எடுத்துப் பத்திரப்படுத்துவது அவர்களுடைய வேலை. வார இறுதியில் மற்றவர்கள் அந்த வேலையோடு சேர்ந்து நடக்கிறார்கள், அவ்வளவுதான்.

நடத்துகிறவர்கள் மாணவர் கடல் ஆமை பாதுகாப்பு அமைப்பினர். எஸ்.எஸ்.டி.சி.என். என்ற சுருக்கப் பெயர் அடையாறு வட்டாரத்தில் எல்லோருக்கும் தெரியும். 1988-இல் கல்லூரி மாணவர்கள் சேர்ந்து தொடங்கியது. தெற்கே நீலாங்கரை, வடக்கே மெரினாவின் நேப்பியர் பாலம் என்று இடைப்பட்ட 14 கிலோமீட்டர் அவர்கள் பொறுப்பில் இருக்கிறது. அடையாறு ஆறு கடலில் சேரும் முகத்துவாரம் அந்தக் கரையை இரண்டு துண்டாகப் பிரிக்கிறது. இப்போது வனத்துறையும் பொரிப்பகங்கள் அமைத்து இதே வேலையைச் செய்கிறது. நீலாங்கரையிலிருந்து இயங்கும் ட்ரீ ஃபவுண்டேஷன் மீனவ இளைஞர்களைச் சேர்த்துக்கொண்டு 2002 முதல் தெற்குக் கரையைக் கவனித்து வருகிறது.

ஒரு கூடு எடுப்பது எப்படி

வருகிற ஆமைக்கு ஆங்கிலத்தில் ஆலிவ் ரிட்லி என்று பெயர். நமக்குப் பங்குனி ஆமை. ஓடு இரண்டு அடிக்குச் சற்று மேல், எடை 35 முதல் 50 கிலோ. பெரும்பாலும் இரவில்தான் கரையேறும். மணலில் அதன் தடம் இப்படி இருக்கும்: இரண்டு பக்கமும் துடுப்புக் கால்கள் மாற்றி மாற்றிக் கீறிய அரைவட்டங்கள், நடுவே வயிறு இழுபட்டு வழவழப்பான பட்டை. முன்னால் நடக்கும் தன்னார்வலரின் கண் இந்தத் தடத்துக்காகத்தான் அலையோரத்தை விட்டு அகலாமல் இருக்கிறது. தடம் கடலிலிருந்து மேலேறி, ஓரிடத்தில் மணலைக் கலைத்துவிட்டு, மறுபடி கடலுக்கு இறங்கியிருந்தால் கூடு அங்கேதான்.

ஆனால் எந்த அங்குலத்தில்? ஆமை போகும்போது மணலை வாரியிறைத்து இடத்தை மறைத்துவிட்டுத்தான் போகிறது. உடம்பை இடமும் வலமும் ஆட்டி ஓட்டின் அடிப்பக்கத்தால் மணலைத் தட்டிக் கெட்டிப்படுத்தவும் செய்கிறது. கடல் ஆமைகளில் ரிட்லி இனம்தான் இப்படிச் செய்யும். அமைதியான இரவில் அந்தத் தட்டல் காதில் விழும். தன்னார்வலர் ஒரு குச்சியை மெதுவாக மணலில் இறக்கிப் பார்ப்பார். கெட்டி, கெட்டி, இன்னும் கெட்டி, திடீரென்று ஓரிடத்தில் குச்சி எதிர்ப்பில்லாமல் உள்ளே போகும். அங்கே குச்சியை வைத்துவிட்டுக் கையால் தோண்டத் தொடங்குவார். ஒன்றரை அடி ஆழம். குறுகிய கழுத்தும் உருண்ட வயிறுமாக, மணலுக்குள் ஒரு குடத்தைப் புதைத்து வைத்தது போல இருக்கும் கூடு. அதற்குள் நூறு, நூற்றிருபது முட்டைகள். கெட்டி ஓடு கிடையாது, விரலால் தொட்டால் சற்றே குழியும். ஒருவர் ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுக்க, இன்னொருவர் வாய்விட்டு எண்ணிக்கொண்டே துணிப்பையில் வைப்பார். அந்த நேரத்தில் சுற்றி நிற்கும் முப்பது பேரும் தானாகவே குரலைத் தாழ்த்திக்கொள்வார்கள்.

இட்ட சில மணி நேரத்துக்குள் முட்டையை எடுத்தாக வேண்டும். அதற்குப் பிறகு கரு முட்டையின் உள்சுவரில் ஒட்டிக்கொள்ளும். ஒட்டியபின் முட்டை உருண்டால் கரு செத்துவிடும். இரவில் தேடுவதற்கும், பையை ஆட்டாமல் தூக்கி வருவதற்கும் காரணம் இதுதான். பொரிப்பகத்தில் அதே ஆழத்தில், அதே குட வடிவத்தில் கையாலேயே குழி தோண்டி, முட்டைகளை அடுக்கி மூடி, தேதியும் எண்ணிக்கையும் எழுதிய பலகையை நடுவார்கள். 45 முதல் 60 நாளில் குஞ்சு வெளியே வரும்.

முட்டைக்குள் இருப்பது ஆணா பெண்ணா என்பதை மணலின் சூடு தீர்மானிக்கிறது. 29, 30 டிகிரி செல்சியஸை ஒட்டிய ஒரு வரம்பு உண்டு. அதற்கு மேலே போனால் பெண் அதிகம், கீழே இருந்தால் ஆண் அதிகம். மார்ச், ஏப்ரலில் சென்னை மணல் எப்படிக் கொதிக்கும் என்று நமக்குத் தெரியும். பொரிப்பகத்துக்கு நிழல் கொடுப்பது பற்றி ஆய்வாளர்கள் இவ்வளவு யோசிப்பது இதனால்தான். கடலோரமே வருஷத்துக்கு வருஷம் சூடேறினால் என்ன ஆகும் என்ற கேள்விக்கு, கம்பிவேலி போட்ட ஒரு பொரிப்பகம் பதில் சொல்லிவிட முடியாது.

முட்டைகளை இடம் மாற்றாமல், ஆமை இட்ட இடத்திலேயே விடுவதுதானே இயற்கை என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்வி. ஆள் நடமாட்டமில்லாத கரையில் அதுதான் சரியான வழி. பெசன்ட் நகரில் சரிப்படாது. பொரிந்து வெளியே வரும் குஞ்சு, வெளிச்சமாகத் தெரியும் திசைக்கு ஊர்ந்து போகும். மனிதன் விளக்கு ஏற்றாத காலத்தில் இரவின் வெளிச்சம் கடல் பக்கம்தான் இருந்தது. வானத்தின் ஒளியை நீர் வாங்கித் திருப்பித் தரும், கரைப்பக்கம் இருட்டாக இருக்கும். இன்றைக்கு பெசன்ட் நகரின் எலியட்ஸ் கடற்கரையில் பளிச்சென்று இருப்பது சாலையும் ஹைமாஸ்ட் விளக்குகளும் ஓட்டல்களும். குஞ்சு நேராக அங்கே போகும். நாய்க்கும் காகத்துக்கும் சக்கரத்துக்கும் தப்பினாலும் காலை வெயிலில் காய்ந்து போகும். அடையாறு பிரம்மஞான சபைத் தோட்டத்தை ஒட்டிய சிறு பகுதி இன்னும் ஓரளவு இருட்டாக இருக்கிறது. மற்ற இடங்களில், பருவத்தில் நள்ளிரவுக்குப் பிறகு விளக்கை அணையுங்கள் என்று ஆண்டுதோறும் கேட்க வேண்டியிருக்கிறது. செலவில்லாத பாதுகாப்பு அது. சுவிட்சைத் திருப்பினால் போதும்.

அடையாற்றில் தொடங்கிய நடை

இந்த நடைக்கு ஐம்பது வயது தாண்டிவிட்டது. 1970களின் தொடக்கத்தில், சென்னை பாம்புப் பண்ணையை நிறுவிய ராமுலஸ் விட்டேகரும் நண்பர்களும் இதே கரையில் இரவில் நடந்தார்கள். அப்போது திருவான்மியூருக்குத் தெற்கே தோப்பும் சவுக்கும் மணலுமாகக் கிடந்தது. முட்டை எடுத்து விற்கிறவர்களுக்கும் நாய், நரிகளுக்கும் முன்னால் கூட்டைக் கண்டுபிடித்தாக வேண்டும். 1973-74 பருவத்தில் இங்கே அமைந்தது இந்தியாவின் ஆரம்பகால ஆமைப் பொரிப்பகங்களில் ஒன்று. பிறகு மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனமும், அதன் பின் வனத்துறையும் சில ஆண்டுகள் எடுத்து நடத்தின. 1988-இல் மாணவர்கள் கைக்கு வந்தது. அந்த மாணவர்களில் ஒருவரான கார்த்திக் சங்கர் பின்னாளில் பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் பேராசிரியராகி, இந்தியக் கடல் ஆமைகளின் வரலாற்றையே ஒரு புத்தகமாக எழுதினார்.

ஆரம்பத்தில் நடந்தவர்களில் சதீஷ் பாஸ்கரைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். சென்னை ஐ.ஐ.டி.யில் எலக்ட்ரிகல் என்ஜினீயரிங் சேர்ந்தவர், படிப்பை முடிக்காமல் கடலுக்குப் போய்விட்டார். லட்சத்தீவு, அந்தமான், நிக்கோபார் என்று நாட்டின் கரைகளை ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் கால்நடையாக அளந்தார். எந்த மணலில் எந்த ஆமை முட்டையிடுகிறது என்பதற்கு அதுவரை நம்மிடம் கணக்கே கிடையாது. 1982 மழைக்காலத்தில் லட்சத்தீவின் சுஹேலி என்ற ஆளில்லாத் தீவில் தனியாக மாதக்கணக்கில் தங்கினார். தென்மேற்குப் பருவத்தில் படகு போகாது என்று தெரிந்தே தங்கினார். பச்சை ஆமைகள் முட்டையிடுவது அந்த மழையில்தான். மனைவிக்குக் கடிதம் எழுதிப் பாட்டிலில் அடைத்துக் கடலில் விட்டார். அது இலங்கை மீனவர் ஒருவர் கையில் கிடைத்து, அவர் தபாலில் சேர்க்க, சென்னைக்கு வந்து சேர்ந்தது. 2023-இல் பாஸ்கர் காலமானார். அவரைப் பற்றிய 'டர்ட்டில் வாக்கர்' ஆவணப்படத்துக்குப் பிறகுதான் இந்தத் தலைமுறைக்கு அந்தப் பெயர் தெரிகிறது.

பெரிய நிக்கோபாரின் கலாத்தியா விரிகுடா, உலகின் மிகப் பெரிய கடல் ஆமையான தோல்முதுகு ஆமை முட்டையிடும் முக்கியமான இடம் என்பது அவரைப் போன்றவர்களின் களப்பணியால் வெளியே தெரிந்தது. அந்த விரிகுடா சரணாலயமாகவும் அறிவிக்கப்பட்டது. 2021 ஜனவரியில் சரணாலயம் என்ற அந்தஸ்து நீக்கப்பட்டது. அடுத்த ஆண்டு, அங்கே சரக்குப் பெட்டகத் துறைமுகம் கட்டும் திட்டத்துக்குச் சுற்றுச்சூழல் அனுமதி கிடைத்தது. தொலைதூரத் தீவு என்பதால் அங்கே இரவில் முப்பது பேர் நடந்து போய்ப் பார்க்க வழியில்லை. பார்த்தவர்கள் இல்லாத கரைக்காகப் பேசுபவர்களும் குறைவு. பெசன்ட் நகரில் ஒரு கூட்டை யாராவது சேதப்படுத்தினால் மறுநாள் காலை பத்திரிகையில் வந்துவிடும். கலாத்தியாவுக்கு அந்தக் காவல் இல்லை. நகரத்தில் நடக்கும் இந்த நடையை நான் பெரிதாக மதிப்பதற்கு இதுவே முதல் காரணம். நடந்தவர்களில் பாதிப் பேராவது பிறகு கலாத்தியா என்ற பெயரைக் கேட்கும்போது நின்று கவனிப்பார்கள்.

கூட்டம் கூடினால்

இந்தச் சுற்றுலாவிலும் ஆபத்து இருக்கிறது. 2015 செப்டம்பரில் கோஸ்டாரிக்காவின் ஒஸ்தியோனால் கரையில், ஆயிரக்கணக்கில் திரண்டு வந்த ரிட்லி ஆமைகளைப் பார்க்க நூற்றுக்கணக்கான பயணிகள் மணலில் இறங்கிவிட்டார்கள். ஆமைகளுக்கு ஏறவே இடமில்லை. குழந்தைகளை ஓட்டின் மேல் உட்காரவைத்துப் படம் எடுத்தார்கள். பல ஆமைகள் முட்டையிடாமலே கடலுக்குத் திரும்பின. காவலுக்கு இருந்தவர்கள் ஒரு கைப்பிடி ஆட்கள்தான்.

சென்னையில் அந்த அளவுக்குப் போகவில்லை. ஆனால் மாலையில் குஞ்சு விடும் நேரத்தில் பெசன்ட் நகரில் போய் நின்று பாருங்கள். கயிறு கட்டியிருப்பார்கள். தன்னார்வலர்கள் எல்லோரையும் உட்காரச் சொல்லிக் கெஞ்சுவார்கள். கூடையிலிருந்து குஞ்சுகளை நேராகத் தண்ணீரில் போடாமல் மணலில் விடுவார்கள். அந்தச் சில அடி தூரம் ஊர்வதும் அவற்றுக்குத் தேவை என்று கருதப்படுகிறது. உள்ளங்கையில் பாதிகூட நிரம்பாத கறுத்த உடம்பு, நான்கு துடுப்பையும் போட்டு அலையை நோக்கி நகரும். ஓர் அலை வந்து புரட்டி ஐந்தடி பின்னால் தள்ளும். மல்லாந்து கிடந்து, திரும்பி, மறுபடி தொடங்கும். சரியாக அந்த நேரத்தில், இன்னும் கிட்டத்தில் வீடியோ வேண்டும் என்று ஒருவர் கயிற்றைத் தாண்டுவார். காலுக்கடியில் என்ன இருக்கிறது என்று போன் திரையில் தெரியாது.

ஆட்களின் எண்ணிக்கைக்கு வரம்பு வைப்பதில் தவறே இல்லை. கிண்டி தேசியப் பூங்கா 2.7 சதுர கிலோமீட்டர்தான். வெளிமானும் புள்ளிமானும் நகரத்து நடுவில் இன்னும் உயிரோடு இருக்கின்றன என்றால், பக்கத்துச் சிறுவர் பூங்காவுக்குப் போகிறவர்கள் எல்லோரும் அந்தக் காட்டுக்குள்ளும் போக முடியாது என்ற கட்டுப்பாடும் ஒரு காரணம். ஆமை நடையிலும் முன்பதிவு, இத்தனை பேர்தான் என்ற கணக்கு, முதலில் ஒரு மணி நேரப் பேச்சு எல்லாம் அவசியம். பேச்சைக் கேட்கப் பொறுமை இல்லாதவர் நடைக்கு வராமல் இருப்பதே ஆமைக்கு நல்லது.

கரையில் காப்பாற்றிக் கடலில் இழப்பது

2025 ஜனவரியில் நடந்ததைச் சென்னைக் கடற்கரைக்குப் போன யாரும் மறந்திருக்க முடியாது. மெரினா, பெசன்ட் நகர், நீலாங்கரை, கோவளம் என்று எங்கும் செத்த ஆமைகள் ஒதுங்கின. கண் பிதுங்கி, கழுத்து வீங்கி. சில வாரங்களிலேயே எண்ணிக்கை ஆயிரத்தை ஒட்டிப் போனது. அதிகமும் முட்டையிட வந்த, வளர்ந்த ஆமைகள். தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு தானே முன்வந்து விசாரணைக்கு எடுத்துக்கொண்டது. மூச்சுத் திணறிச் செத்தவை என்பதே பரிசோதனைகள் சுட்டிய காரணம்.

ஆமைக்கு நம்மைப் போல நுரையீரல்தான். அவ்வப்போது மேலே வந்து மூச்சு வாங்கியாக வேண்டும். விசைப்படகின் இழுவை மடி மணிக்கணக்கில் கடலடியை வாரிக்கொண்டு போகும்போது, உள்ளே மாட்டிய ஆமைக்கு மேலே வர வழியில்லை. தமிழ்நாட்டில் விசைப்படகுகள் கரையிலிருந்து ஐந்து கடல் மைலுக்குள், அதாவது ஒன்பது கிலோமீட்டருக்குள் மீன் பிடிக்கக் கூடாது என்பது விதி. ஆமைகள் முட்டையிடும் முன் கூடிக் காத்திருப்பது பெரும்பாலும் அந்த எல்லைக்குள்தான். விதியை மீறி ஓர் இரவு இழுக்கும் மடி, பல வார நடையில் காப்பாற்றியதை அழித்துவிடும். ஆயிரம் குஞ்சில் ஒன்றுதான் பெரிதாகும் என்று பொதுவாகச் சொல்வார்கள். அந்தக் கணக்கில் பார்த்தால், செத்து ஒதுங்கும் ஒவ்வொரு பெண் ஆமைக்கும் ஆயிரம் குஞ்சு விட்டாலும் போதாது. 2024 பருவத்தில் மாநிலம் முழுக்க இரண்டு லட்சத்துக்கும் மேல் குஞ்சுகள் விடப்பட்டன என்று மகிழ்ந்தோம். அடுத்த ஜனவரியிலேயே இந்தச் சாவு.

மீன்பிடித் தடைக்காலம் இருக்கிறதே என்று தோன்றலாம். கிழக்குக் கரையில் அது ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள். மீன்களின் இனப்பெருக்கத்துக்காக வைத்தது. ஆமை வருவது ஜனவரி முதல் மார்ச் வரை. தடை தொடங்கும்போது பெரும்பாலானவை முட்டையிட்டுவிட்டுப் போயிருக்கும், இல்லையென்றால் செத்து ஒதுங்கியிருக்கும்.

மடியில் பொருத்தும் ஆமை விலக்குச் சாதனம் ஒன்று உண்டு. சாய்வாக வைத்த இரும்புக் கம்பிச் சட்டம். இறாலும் சிறு மீனும் கம்பிகளுக்கு இடையே பின்னால் போகும். ஆமை சட்டத்தில் முட்டி, மேலே அல்லது கீழே இருக்கும் திறப்பு வழியாக வெளியேறும். கொச்சியில் இருக்கும் மத்திய மீன்வளத் தொழில்நுட்ப நிறுவனம் நம் கடலுக்கு ஏற்றபடி ஒன்றை வடிவமைத்திருக்கிறது. பெரிய மீனும் சேர்ந்து வெளியே போய்விடும் என்பது படகு உரிமையாளர்களின் தயக்கம். இதைப் பொருத்தாததால் கடலில் பிடித்த இந்திய இறாலை அமெரிக்கா 2019 முதல் வாங்குவதில்லை. அந்த நஷ்டத்தோடு ஒப்பிட்டால் சட்டத்தின் விலை ஒன்றுமில்லை. படகுக்காரர்களுக்கு அதை இலவசமாகக் கொடுத்து, பொருத்தியிருக்கிறார்களா என்று காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தில் படகு கிளம்பும்போதே பார்த்து அனுப்பலாம்.

பெசன்ட் நகரை ஒட்டிய மீனவக் குப்பமான ஊரூர் ஆல்காட் குப்பத்துக்காரர்களை இந்தக் கணக்கில் சேர்த்துப் பேசுவது அநியாயம். அவர்கள் ஃபைபர் படகில், கரையோரத்தில், சிறு வலை போடுகிறவர்கள். விசைப்படகு எல்லைக்குள் வந்தால் ஆமையோடு சேர்த்து அவர்கள் பாடும் போகிறது. எந்தக் காற்றில் நீரோட்டம் எப்படித் திரும்பும், செத்த ஆமை எங்கே விழுந்திருந்தால் எந்தக் கரையில் ஒதுங்கும் என்று அவர்களால் சொல்ல முடியும். நடைக்கு வருகிற நகரவாசிகள், படகுகளுக்கு நடுவே புகுந்து போகிறார்களே தவிர, அந்தப் படகுக்காரர்களைப் பெரும்பாலும் சந்திப்பதில்லை. முதல் ஒரு மணி நேரப் பேச்சில் பாதியை குப்பத்து மீனவர் ஒருவர் பேசினால் எவ்வளவு நன்றாக இருக்கும்.

அவர்கள் வலையிலும் ஆமை மாட்டுவது உண்டு, குறிப்பாகத் திருக்கை வலையில். உயிரோடு இருந்தால் வலையை அறுத்துத்தான் விடவேண்டியிருக்கும். அறுபட்ட வலையின் விலை மீனவர் வீட்டுச் செலவிலிருந்து போகிறது. பாதுகாக்கப்பட்ட உயிரினத்தை விடுவிக்க வலையை அறுக்கும் மீனவருக்கு 25,000 ரூபாய் வரை நஷ்டஈடு தரும் திட்டத்தை மகாராஷ்டிரா 2018-இல் கொண்டுவந்தது. தமிழ்நாட்டிலேயே பாக் விரிகுடாவில் கடற்பசுவை விடுவித்த மீனவர்களுக்கு வனத்துறை சன்மானம் கொடுத்துப் பாராட்டியிருக்கிறது. அந்த ஏற்பாடு சென்னைக் கடலில் ஆமைக்கும் உறுதியாக, மனு எழுதிக் காத்திருக்க வைக்காமல் கிடைக்க வேண்டும். ஒவ்வொரு பருவத்திலும் பெசன்ட் நகர் வரை நடந்து முடிக்கிறவர்கள் இதைத் தங்கள் சட்டமன்ற உறுப்பினரிடம் கேட்கலாம், ஐந்து கடல் மைல் விதி இந்த ஆண்டு எத்தனை படகுகள் மேல் பாய்ந்தது என்ற கணக்கையும் சேர்த்து. அடுத்த ஆமை வருவதற்கு முன், டிசம்பருக்குள் கேட்க வேண்டும்.